சாவி யார் கையில்?

குஜராத்திலுள்ள வாடினாரில் வருஷத்துக்கு 2 கோடி டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்திவரும் நயாரா கம்பெனிக்கு 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நேர்ந்த சங்கடத்தை, நம் தேசத்து ஸ்தாபன நிர்வாகிகள் அதற்குள் மறந்துவிட்டார்களோ என்று அஞ்சுகிறோம். அக்கம்பெனியின் பங்குகளில் சுமார் 49 சதவிகிதம் ருஷியாவின் ராஸ்நெப்ட் கம்பெனியிடம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் ஜூலை 18-ந் தேதி நயாராவின் மீது தடை விதித்தது. நான்கே நாட்களில், அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோஸாப்ட், நயாராவின் கடிதப் போக்குவரத்தையும் தஸ்தாவேஜுகளையும் அடைத்துவிட்டது. டில்லி ஹைகோர்ட்டின் படியேறிய பிறகே, மாதக் கடைசியில் வசதிகள் திரும்பக் கிடைத்தன.

இதில் கள்ளன் நுழையவில்லை, பூட்டு உடையவில்லை. சொந்தக்காரனுக்கே தன் சொத்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பா விதித்த தடைக்காக, இந்தியச் சட்டப்படி இந்தியாவில் நடைபெறும் தொழிலை அமெரிக்கக் கம்பெனி ஸ்தம்பிக்கச் செய்யலாமென்றால், நாம் அடைந்த சுதந்திரத்தின் எல்லை எதுவரை என்று கேட்கிறோம்.

‘கிளவுட்’ என்ற பெயரே மயக்கம் தருகிறது. மேகமாவது ஆகாயமாவது! நம் வீட்டு நெல்லை அயலான் பத்தாயத்தில் கொட்டிவைக்கும் ஏற்பாடுதான் இது. கொட்டுவது தவறென்று நாம் கூறவில்லை. செலவும் குறைவு, சௌகரியமும் அதிகம். ஆனால் பந்தோபஸ்து எப்படி என்று வினவினால், பத்தாயக்காரர் பெற்ற நற்சாட்சிப் பத்திரத்தை எடுத்துக் காட்டி நம் நிர்வாகிகள் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அப்பத்திரம் அவருடைய சுவர்களுக்குத்தான் சாட்சி. நாம் போடவேண்டிய தாழ்ப்பாளுக்கு அல்ல. கேபிடல் ஒன் என்ற அமெரிக்க பாங்கி, அமேஸான் கம்பெனியின் கிளவுடில் தகவல்களை வைத்திருந்தது. 2019-ல் அமெரிக்கர் சுமார் 10 கோடிப் பேர், கனடாவாசிகள் 60 லட்சம் பேரின் விவரங்கள் களவு போனதற்கு, பாங்கியின் தடுப்பரண் சரியாக அமைக்கப்படாததே வழி செய்தது.

“எங்கள் தகவல்கள் பம்பாயிலேயே இருக்கின்றன” என்று சிலர் பெருமை கொள்கிறார்கள். எங்கே இருந்தாலென்ன? அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் வசமுள்ள தகவல்களை, அவை எந்த தேசத்தில் இருப்பினும், முறைப்படி சட்ட உத்தரவு வந்தால் ஒப்படைக்க வேண்டுமென்று அந்நாட்டில் 2018-ல் சட்டமாகியிருக்கிறது. ஆகவே இடத்தைக் கேட்பதைவிட, தகவல்களைச் சங்கேதமாக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே விவேகம். சாவி நம்மிடமே இருந்தால், பிறர் கைக்குப் போவது வெறும் புரியாத எழுத்துக்களே. ஆனால் கதவையே சாத்திவிடுவோருக்கு எதிரில் சாவி பயன்படாது. அதற்கு வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும்.

அப்படியானால் சுதேசிக் கிளவுட் போதுமல்லவா என்பார்கள் நம் நண்பர்கள். சுதேசியத்தில் நாம் எவருக்கும் பின்வாங்கியவர்களல்ல. எனினும் தென் கொரியாவைப் பார்க்கவேண்டும். தேஜானிலுள்ள அந்நாட்டு சர்க்காரின் சொந்தத் தகவல் நிலையத்தில் 2025 செப்டம்பர் 26-ந் தேதி பாட்டரிகளில் தீப்பற்றியது. உத்தியோகஸ்தர்கள் சேர்த்துவைத்திருந்த 858 டெராபைட் தஸ்தாவேஜுகள் எரிந்தன. வெளியில் பிரதியில்லை! அந்நியன் இதில் விரல்கூட வைக்கவில்லை.

2023-ம் வருஷத்துத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. நல்லதே. ஆனால் ஆலையின் கணக்கும் கப்பலின் சரக்குப் பட்டியலும் தனிநபர் தகவல்களல்லவே! துறைமுகம், மின்சாரம், ரயில்வே, பாங்கி ஆகிய ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு நாள், தன் கிளவுட் அடைபட்டதாகவே வைத்துக்கொண்டு, கைவசமுள்ள பிரதியைக் கொண்டு காரியம் நடத்திப் பார்க்கவேண்டும். எத்தனை மணி நேரத்தில் வேலை தொடங்கியது என்பதைப் பிரசுரிக்கவும் வேண்டும். அங்கத்தினர் ஜாபிதாவை அந்நியக் கம்பெனியிடம் வைத்திருக்கும் நம் அரசியல் கட்சிகளும் இதற்கு விலக்கல்ல. மத்திய சர்க்கார் தன் இலாகாக்களிலேயே முதலில் இப்பரீட்சையை நடத்தி, முடிவைப் பார்லிமெண்டின் முன் வைக்குமா?