பனிப்புயல்: எச்சரிக்கைக்கும் உத்தரவுக்கும் இடையே நீளும் தொலைவு

புது தில்லி: இமயமலை மாநிலங்களில் கடும் பனிப்பொழிவு ஏற்படும்போதெல்லாம் ராணுவமும் விமானப் படையும் விரைகின்றன, சிக்கியவர்கள் மீட்கப்படுகின்றனர், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. ஆனால், முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை உரிய நேரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவாக மாறுகிறதா என்ற கேள்வி, பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறி 20 ஆண்டுகள் கடந்த பின்னரும் விடையின்றியே நிற்கிறது.

தமிழகக் கடலோரத்தைச் சுனாமி சூறையாடிய இரண்டே மாதங்களில், 2005 பிப்ரவரியில் காஷ்மீரைப் பனிப்புயல் தாக்கியது. இன்றைய குல்காம் மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைச்சரிவில் உள்ள வால்டெங்கு நார் கிராமத்தில் மட்டும் 150-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் புதையுண்டு மாண்டனர். சாலைகள் மூடிக் கிடந்ததால் மீட்புக் குழுவினர் அங்கு சென்று சேர்வதே பெரும்பாடாயிற்று. காஷ்மீர் மக்கள் அதைப் 'பனி சுனாமி' என்றே இன்றும் குறிப்பிடுகின்றனர்.

அந்த ஆண்டின் இறுதியில் பேரிடர் மேலாண்மை மசோதாவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. அதன் 34-ஆவது பிரிவு, மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு முக்கியமான அதிகாரம் ஒன்றை வழங்குகிறது. பாதிக்கப்பட்ட பகுதியில் மட்டுமன்றி, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதியிலும் வாகனப் போக்குவரத்தை ஆணையம் கட்டுப்படுத்தலாம். அதாவது, பேரிடர் நிகழும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மாணாவில் நடந்தது என்ன?

உத்தரகண்ட் மாநிலம், சமோலி மாவட்டத்தில் பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தின் அருகே 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி காலை பனிச்சரிவு ஏற்பட்டது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பணிகளில் ஈடுபட்டிருந்த 54 தொழிலாளர்கள், தாங்கள் தங்கியிருந்த கண்டெய்னர்களோடு புதைந்தனர். ராணுவத்தினரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் அருகிலேயே இருந்ததால் மீட்புப் பணி உடனடியாகத் தொடங்கியது. 46 பேர் உயிர் பிழைத்தனர். 8 பேர் உயிரிழந்தனர்.

மீட்புப் பணி பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனம் முந்தைய நாளே பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் தொழிலாளர்கள் மறுநாள் காலை அதே முகாமில்தான் இருந்தனர்.

எச்சரிக்கைகள் பல மாவட்டங்களுக்குப் பொதுவாக வருகின்றன, ஒவ்வொரு முறையும் பணியை நிறுத்தினால் எல்லைச் சாலைகளைத் திறக்கவே இயலாது என்ற வாதத்தை முற்றிலுமாகப் புறந்தள்ள முடியாது. அப்படியெனில், எந்த முகாம் பனிச்சரிவின் பாதையில் இருக்கிறது, எதை முதலில் காலி செய்ய வேண்டும் என்பதைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி.

நிதியிலும் இடைவெளி

மாநில பேரிடர் நிவாரண நிதி தொடர்பாக 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட விதிமுறைகளில், பனிச்சரிவு, உறைபனி, குளிர் அலை ஆகியவை பேரிடர்களாக இடம்பெற்றன. கடும் பனிப்பொழிவு அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. பட்டியலில் இல்லாதவற்றுக்கு, நிதியில் 10 சதவீதம் வரை மட்டுமே மாநிலங்கள் செலவிட முடியும். கூரைகள் சரிந்து, சாலைகள் துண்டிக்கப்பட்ட நிலையில், 2021 ஜனவரியில் ஜம்மு-காஷ்மீர் நிர்வாகம் கடும் பனிப்பொழிவைத் தனிச்சிறப்புப் பேரிடராக அறிவிக்க நேர்ந்தது இதனால்தான்.

2025-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், பேரிடர் தரவுத் தொகுப்புக்கும், பெருநகரங்களுக்கான தனி ஆணையங்களுக்கும் வழிவகுத்தது. ஆனால், எச்சரிக்கை கிடைத்த எத்தனை மணி நேரத்துக்குள் மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும் என்ற காலக்கெடு எதையும் அது விதிக்கவில்லை.

முதலில் வருபவர்கள்

2024 டிசம்பர் இறுதியில் காஷ்மீரில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் பனியில் சிக்கின. அப்போது கந்தர்பல் மாவட்டம், குந்த் பகுதி மக்கள் பள்ளிவாசலைத் திறந்து, பஞ்சாபிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைத்தனர். ஹெலிகாப்டர் பறக்க முடியாத இரவில் முதலில் உதவிக்கு வருபவர்கள் உள்ளூர் மக்களே என்பதற்கு இது சான்று. அவர்களுக்குப் பயிற்சியும், மண்வெட்டி, மருந்து, எரிபொருள் இருப்பும் அளிப்பதற்குப் பெருந்தொகை தேவையில்லை.

ஜம்மு - ஸ்ரீநகர் பாதையில் புதிய சுரங்கச் சாலை, சோனாமார்க் சுரங்கம், காஷ்மீருக்கான ரயில் என உள்கட்டமைப்பு வெகுவாக மேம்பட்டுள்ளது. ஆனால், சாலை எளிதாகும்போது பயணிகளின் எண்ணிக்கையும் பெருகும். புயல் நாளில் சிக்குவோரின் எண்ணிக்கையும் பெருகும். எத்தனை பேர் மீட்கப்பட்டனர் என்று அவைகளில் கேட்கும் உறுப்பினர்கள், எச்சரிக்கை எப்போது வந்தது, உத்தரவு எப்போது பிறந்தது என்றும் கேட்க வேண்டும். வால்டெங்கு நாரில் மாண்டவர்களுக்கும் மாணாவில் மாண்டவர்களுக்கும் இந்தக் கேள்விக்கான விடையை நாடாளுமன்றம் கடன்பட்டிருக்கிறது.