கைப்பிடியின் அழகுக்கு ஒரு சோதனை

கையால் செய்த வேட்டைக் கத்தியைப் பார்த்ததும் கண்ணில் படுவது அதன் மரக் கைப்பிடியின் வேலைப்பாடுதான். அந்த வேலைப்பாட்டை வீண்செலவு என்கிறார்கள் சிலர். அதற்காகவே கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் வேறு சிலர். அழகு வேறு, பயன் வேறு என்று இரு சாராருமே பிரித்துப் பார்க்கிறார்கள். நல்ல கத்தியில் இரண்டும் ஒன்றாகத்தான் பிறக்கின்றன. பின்லாந்து மக்களின் ‘பூக்கோ’ கத்தி இதற்குக் கண்கூடான சான்று.

அங்கே இலையுதிர் காலத்தில் மூஸ் மான் வேட்டை நடக்கும். விழுந்த விலங்கின் குடலை எடுத்து, தோலை உரிக்கும்போது ரத்தமும் கொழுப்பும் கையில் ஒட்டிக் கைப்பிடி வழுக்கும். குளிரோ விரல்களை விறைக்க வைக்கும். பூக்கோவின் அலகின் நீளம் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கை முன்னால் நழுவாமல் தடுக்கும் குறுக்குக் காப்பும் அதில் கிடையாது. எனவே பொறுப்பெல்லாம் கைப்பிடியின் மேல் விழுகிறது. பூர்ச்சமரப் பட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, நடுவில் துளையிட்டு, அலகின் பின்னால் நீளும் இரும்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கி, முனையைத் தட்டி அடைத்த பிறகுதான் கைக்கேற்பச் சீவுகிறார்கள். பட்டையின் விளிம்புகள் வரிவரியாகத் தெரிவது பார்க்க அழகு. அந்தப் பட்டை நீரை உறிஞ்சாது. பனியிலும் கையைச் சுடுவதுபோல் சில்லிடாது. ஈரத்திலும் பிடி கொடுக்கும். நெளிநெளியான ரேகை ஓடும் ஒருவகைப் பூர்ச்சமரத்தையும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். கண்ணைக் கவரும் அந்தப் பின்னல் ரேகையால்தான் அது எளிதில் பிளப்பதில்லை. இரு முனைகளிலும் மின்னும் பித்தளைப் பூண் மரம் வெடிக்காமல் காக்கிறது. கௌஹவா ஊரின் புகழ்பெற்ற குதிரைத்தலை வேலைப்பாடுகூட உள்ளங்கை படியும் இடத்தில் இல்லை, கைப்பிடியின் கடைசியில்தான் இருக்கிறது.

சில நூறு ரூபாய்க்குத் தொழிற்சாலைக் கத்தி கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுவீடனின் மோரா கத்திகள் பிளாஸ்டிக் பிடியோடு மலிவாக வருகின்றன, நன்றாக வெட்டுகின்றன, கழுவவும் எளிது. பின்லாந்தின் பெயர்பெற்ற வடிவமைப்பாளர் தாபியோ விர்க்கலாவே 1960-களில் ஹாக்மன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பூக்கோவில் மரத்தைக் கைவிட்டுக் கறுப்பு நைலானைத்தான் தேர்ந்தெடுத்தார். எஃகின் தரத்தில் பட்டறைக்காரர் ஆலையை வெல்லத் தேவையில்லை. ஆனால் வாங்குபவரின் கையளவுக்குப் பிடியைச் சீவித் தருவதும், பிடி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் ஆலையால் முடியாத காரியங்கள். அந்த வேலைக்குத்தான் கூடுதல் விலை. உள்ளங்கையை உறுத்தும் ஆழமான செதுக்கலுக்கும் வெள்ளிப் பதிப்புக்கும் கேட்கும் விலையை இதோடு சேர்க்க முடியாது.

கத்தியை இப்படிப் புகழ்வது வன்முறைக்கு மெருகேற்றுவதாகாதா என்பது இன்னொரு ஆட்சேபம். இதே கௌஹவா வட்டாரம் 19-ஆம் நூற்றாண்டில் கத்திச் சண்டைக்காரர்களால் நடுங்கிக் கிடந்தது உண்மை. இன்று பின்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், வேலை போன்ற தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. வேலைக்கான கத்தியையும் சண்டைக்கான கத்தியையும் பிரித்தறியும் இந்த அணுகுமுறைதான் சரி. பயன்பாட்டைக் கொண்டு மதிப்பிடும்போது கைவினைஞர் தானாகவே வேலைக்கான கத்தியின் பக்கம் வந்துவிடுவார். மிரட்டும் தோற்றத்துக்கு அங்கே மதிப்பில்லை.

ஆகவே, கைவினைப் போட்டிகளில் கத்திக்குப் பரிசு வழங்குவோர் பார்த்த மாத்திரத்தில் மதிப்பெண் போட வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு, அந்தக் கத்தியால் அரைமணி நேரம் விறகுக் குச்சி சீவிப் பார்க்கட்டும். அதன் பிறகும் கைப்பிடி அழகாகத் தோன்றினால் பரிசு கொடுக்கட்டும்.