ஆர்வக்கோளாறு

போன வாரம் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நல்ல சாரல். பேச்சு எப்படியோ கூடங்குளத்துக்குப் போனது. தினமும் என்னோடு நடைக்கு வரும் நண்பர், ஒரு ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், தீர்ப்புச் சொல்வதுபோல் சொன்னார்: "வேலை பாக்குறவன் ஒழுங்கா இருந்தா ஒரு விபத்தும் வராது அண்ணாச்சி. எல்லாம் இவனுவ அஜாக்கிரதைதான்."

எனக்கு அப்போது பதில் வரவில்லை. வாய்ப்பேச்சில் நான் எப்போதும் தோற்பவன். எழுதினால் கொஞ்சம் தேறுவேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளைக் கரைத்துப் புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று உண்டு. 2003இல் அது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில் இருந்தது. பிரித்தது போக மிஞ்சும் கழிவு தொட்டிகளில் நிற்கும். அந்த ஆண்டு ஜனவரி 21 அன்று, குறைந்த கதிர்வீச்சுள்ள கழிவில் மாதிரி எடுத்துவரச் சில ஊழியர்கள் தொட்டிப் பகுதிக்குப் போனார்கள். ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. போனவர்களுக்கு அது தெரியாது. தெரிவிக்க அங்கே கதிர்வீச்சு அளக்கும் கருவியும் இல்லை, வால்வு பழுதைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் இல்லை. எடுத்துவந்த மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் ஆறு பேர் மிகையான கதிர்வீச்சை வாங்கியிருந்தார்கள்.

ஊழியர் சங்கம் பத்துக் கோரிக்கைகளோடு கடிதம் எழுதியது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வேண்டும் என்பது அதில் ஒன்று. முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்த இரண்டு சம்பவங்களையும் அதில் நினைவூட்டியிருந்தார்கள். பதில் இல்லை. மாதங்கள் கழித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஏறக்குறைய அரை வருடம் கழித்துத்தான் செய்தி பத்திரிகைகளில் வந்தது. இந்திய அணுத்துறை வரலாற்றிலேயே இதுதான் மோசமான கதிர்வீச்சு விபத்து என்று நிர்வாகமே அப்போது ஒப்புக்கொண்டது. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஊழியர்களின் மிகையான ஆர்வமும் தவறான கணிப்பும். நம் பாஷையில், ஆர்வக்கோளாறு.

மார்பில் அணியவேண்டிய டி.எல்.டி. பேட்ஜை அணியவில்லை என்றும் குறை சொன்னார்கள். அணியாதது தப்புதான். ஆனால் அந்த பேட்ஜ் கூவாது, விளக்கு எரியாது. உடம்பு வாங்கிய கதிர்வீச்சைத் தனக்குள் பதிந்துகொள்ளும்; பிறகு ஆய்வகத்தில் வைத்துப் படிப்பார்கள். அணிந்திருந்தால் எவ்வளவு பட்டது என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும். படாமல் தடுத்திருக்காது. தடுக்கவேண்டியது சுவரில் இருந்திருக்க வேண்டிய கருவி. அதை வாங்கி மாட்டுவது மாதிரி எடுக்கப் போனவர் வேலையா?

நம் குற்றாலத்தையே பாருங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அருவி நீர் செந்நிறமாகும், இரைச்சல் மாறும். கண்ணும் காதும் உள்ள மனிதன் ஓட ஒரு நிமிடமாவது கிடைக்கலாம். அது போதாது என்றுதான் போலீசை நிறுத்தித் தடை போடுகிறோம். கதிர்வீச்சுக்கு நிறம் இல்லை, சத்தம் இல்லை. அங்கே கருவி இல்லாமல் ஆளை அனுப்புவது, கண்ணைக் கட்டிப் பேரருவிக்குக் கீழே நிறுத்துவதற்குச் சமம். பிறகு "ஏன் ஓடவில்லை" என்று கேட்பதா?

நான் இதை இவ்வளவு கோபமாக எழுதக் காரணம் உண்டு. நான் அந்தப் பக்கத்திலும் இருந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கிய தினக்கூலி ஒருவர் விஷவாயுவில் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய ஆளாக இல்லை. மறுநாள் மேலதிகாரி என்னை அழைத்தார். "முந்தாநாள் தேதி போட்டு ஒரு மெமோ அடிங்க. அனுமதி இல்லாம இறங்கக்கூடாதுன்னு." அடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த மனிதர் என்னவென்று கேட்காமலே கைநாட்டு வைத்தார். "சரிதானுங்களே சார்?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். விசாரணையில் அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது. அவர் தப்பு என்று முடிந்தது.

அதனால் எனக்குத் தெரியும். விபத்துக்கு முன் எழுதும் தாள் வேறு, பின் எழுதும் தாள் வேறு. முந்தையது ஆளைக் காப்பாற்ற. பிந்தையது நாற்காலியைக் காப்பாற்ற.

பணி அனுமதிச் சீட்டு என்பது முந்தைய வகை. உள்ளே இறங்குமுன் யார் அளந்தார், எத்தனை மணிக்கு அளந்தார், எந்த வால்வைப் பூட்டினார், எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்று எழுதி, அளந்தவரே கையெழுத்திட வேண்டும். அந்த அளவு இல்லையென்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் வேலை இல்லை. அவசரம் என்றாலும் இதுதான்.

கையெழுத்திடுபவர் யாருக்குக் கீழே இருக்கிறார் என்பதும் முக்கியம். கருவூலத்தில் பில் எழுதுபவர் வேறு, பாஸ் செய்பவர் வேறு. பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒரே கையில் இருக்காது. நாலு காசுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் 2000ஆம் ஆண்டில் பாபா மையத்தின் ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தானே ஓட்டி, தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு. மூன்றாம் ஆண்டில் கல்பாக்கம். அந்த வாரியத்துக்கே போதிய சட்ட சுதந்திரம் இல்லை என்று 2012இல் மத்திய தணிக்கை அறிக்கை எழுதியது. தணிக்கைக்குப் பதில் எழுதியே காலம் கழித்தவன் நான். அந்த மாதிரி வரி எளிதில் வராது.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சொல். எங்கள் ஊரில் 'ரெத்ரெத்' என்றால் ஓய்வூதியம். 'ரெத்ரே' என்றால் விலகுதல். பிரான்சில் 1982 முதல் 'துருவா த ரெத்ரே' என்ற உரிமை சட்டத்தில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைக்கும் தொழிலாளி வேலையை விட்டு விலகி நிற்கலாம். சம்பளம் பிடிக்கக்கூடாது, தண்டிக்கக்கூடாது. நம் தொழிற்சாலைச் சட்டத்தில் போபாலுக்குப் பிறகு, 1987இல், 41-எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அது ஆபத்தை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லும் உரிமை. கல்பாக்கத்தில் சொன்னார்கள். என்ன கிடைத்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

ஜப்பானில் தோக்கைமுரா ஆலையில் 1999இல் வாளியால் யுரேனியக் கரைசலை ஊற்றி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதையும் ஆர்வக்கோளாறு என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் குறுக்குவழிக்கு இடம் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். 2003 மார்ச்சில், நம் ஆறு பேர் விஷயம் வெளியே வராமலிருந்த அதே நாட்களில், ஆலை மேலாளர் உட்பட ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது.

கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளுக்குத் தனிக் கிடங்கு கட்டுவது பற்றி 2019 ஜூலையில் ராதாபுரத்தில் கருத்துக்கேட்பு வைப்பதாக அறிவித்து ஒத்திவைத்தார்கள். அடுத்த முறை கூட்டம் வந்தால் கேட்கவேண்டிய கேள்வி என்னிடம் இருக்கிறது. உள்ளே போகும் ஒப்பந்தத் தொழிலாளி "அளக்காமல் இறங்கமாட்டேன்" என்று சொன்னால், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?

நண்பரே, இதுதான் என் பதில். தொழிலாளிக்கும் தப்பு வரும், மனிதன்தானே. அந்தத் தப்பு உயிரைக் கொல்லாதபடி ஏற்பாடு செய்யத்தான் மேலே இருப்பவருக்குச் சம்பளம். நாளை டீ என் கணக்கு. மறுப்பு இருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். தேதி மட்டும் சரியாகப் போடுங்கள்.