எக்ஸெல் போடும் கோட்டை அப்படியே நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல்லைத் திறந்து, வீட்டு வரவு செலவைக் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த நேர்க்கோட்டின் சாய்வையும் சமன்பாட்டையும் இதே எக்ஸெல் நொடியில் தந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் கம்ப்யூட்டரிடம் கேட்காதீர்கள் என்பது என் கட்சி. அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

வல்லத்திராக்கோட்டையில் என் மச்சான் வயலில் போர்வெல் போட முடிவு செய்தார். 200 அடிக்கு 24,000 ரூபாய், 300 அடிக்கு 34,000 ரூபாய் என்று விலை சொல்லியிருந்தார்கள். "600 அடி போனா எவ்வளவு ஆகும்னு உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க மாப்பிள்ளை" என்றார்.

நானும் பெருமையாக உட்கார்ந்தேன். ஏ2, ஏ3 செல்களில் அடி. பி2, பி3 செல்களில் ரூபாய். பிறகு =ஸ்லோப்(பி2:பி3,ஏ2:ஏ3) என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டினேன். 100 என்று வந்தது. ஸ்லோப் இருந்த இடத்தில் இன்டர்செப்ட் என்று போட்டதும் 4,000 வந்தது. அதாவது, ரூபாய் = 100 × அடி + 4,000. 600 அடிக்கு 64,000. மச்சான் அந்தப் பணத்தைத் தயார் செய்து வைத்தார்.

பில் 70,000 வந்தது. 300 அடிக்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும், அடிக்கு 10 ரூபாய் கூடுதல். போர் போட்டவர்கள் ஏமாற்றவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. லாரி நின்றுகொண்டிருக்க, அக்காவின் வளையல் அடகுக்குப் போயிற்று.

தவறு எங்கே? சாய்வு என்பது வெறும் எண் அல்ல. ரூபாய் வித்தியாசத்தை அடி வித்தியாசத்தால் வகுப்பது. அதாவது, ஓர் அடிக்கு எத்தனை ரூபாய். 4,000 என்பது, ஓர் அடி கூடத் தோண்டாவிட்டாலும் கொடுக்க வேண்டிய தொகை. பாடப்புத்தகத்தின் 'ஒய் = எம்எக்ஸ் + சி'யில் எம்மும் சியும் இவைதான். இதைக் கையால் போட்டிருந்தால், "600 அடி வரைக்கும் இதே ரேட்தானா?" என்ற கேள்வி தானாக வந்திருக்கும். எந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிடலாம். மூன்றாவது புள்ளியும் அந்தக் கோட்டில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

பிறகு 600, 70,000 என்பதையும் சேர்த்து மூன்று வரிகளுக்கும் ஸ்லோப் போட்டுப் பார்த்தேன். சுமார் 116 என்றது. இன்டர்செப்ட் சுமார் 77 ரூபாய்! 4,000 ரூபாய் எங்கே போயிற்று? 'இந்தப் புள்ளிகள் ஒரே கோட்டில் இல்லை' என்று எக்ஸெல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றுக்கும் கூடியவரை நெருங்கிப் போகும் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. கையால் போட்டால் 200-க்கும் 300-க்கும் நடுவே சாய்வு 100. 300-க்கும் 600-க்கும் நடுவே 120. சாய்வு மாறினால் அது ஒரே நேர்க்கோடு அல்ல. அவ்வளவுதான் சோதனை.

நீங்கள் முயன்று பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஃபங்ஷனில் முதலில் ஒய் மதிப்புகள், பிறகுதான் எக்ஸ் மதிப்புகள். மாற்றிக் கொடுத்தாலும் ஒரு விடை வரும், தவறான விடை. சார்ட் போடும்போது 'லைன்' சார்ட்டை எடுக்காதீர்கள். அது 200, 300, 600 மூன்றையும் சம இடைவெளியில் வைத்துவிடும். 'ஸ்கேட்டர்' சார்ட்டை எடுத்து, புள்ளி மீது ரைட் கிளிக் செய்து 'ஆட் டிரெண்ட்லைன்' கொடுங்கள். கோடு எந்தப் புள்ளியை விட்டு விலகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், முதலில் கிராஃப் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். விடையைச் சரிபார்க்க மட்டும் கம்ப்யூட்டரைத் திறக்கட்டும். கேட்ட கேள்விக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். கேட்க மறந்த கேள்விக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும்.