மிச்சக் காய் வேண்டாம், சந்தையில் பங்கு வேண்டும்

உழவர் சந்தையில் நண்பகலுக்குப் பிறகு விற்காமல் தேங்கும் காய்கறிகளைச் சேகரித்து ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை அவ்வப்போது சுற்றிவருகிறது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். கல்லூரித் தோழர்கள் சிலருக்கும் இது பிடித்திருக்கிறது. வண்டி பிடித்து, மூட்டை கட்டி, சேரியில் கொண்டுபோய் இறக்கினால் உணவும் வீணாகாது, பசியும் தீரும் என்கிறார்கள்.

உணவு வீணாகக் கூடாது என்பதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் சேரிக்கு மிச்சம் வருவது இந்த நாட்டில் புதிய ஏற்பாடா, தோழர்களே? அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொள், பண்ணை வீட்டின் பின்வாசலில் நின்று பழையதை வாங்கிக்கொள், செத்த மாட்டை எடுத்துக்கொள் என்று தலைமுறை தலைமுறையாக மிச்சத்தைத்தானே நமக்கு ஒதுக்கினார்கள்? வாங்கிய கைக்கு வயிறு கொஞ்சம் நிறைந்தது. கொடுத்த கைக்கு அதிகாரம் நிறைந்தது. ஆகவே உழவர் சந்தை ஏழைகளுக்கு எப்படி உதவும் என்று பேசும்போது, எதைக் கொடுக்கலாம் என்று தொடங்காமல், சந்தையில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று தொடங்க வேண்டும்.

உழவர் சந்தை நல்ல திட்டம். அதை மறுக்க வேண்டியதில்லை. பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ வந்தது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் அரசு திறந்தது. கமிஷன் மண்டி இல்லை, தரகர் இல்லை, கடை வாடகை இல்லை, தராசு இலவசம். அன்றன்றைய விலையை அதிகாரிகள் பலகையில் எழுதிப் போடுவார்கள். மண்டி விலையைவிட உழவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும், வெளிக்கடை விலையைவிட வாங்குபவருக்குக் குறைவாகக் கிடைக்கும். இன்று மாநிலம் முழுக்க நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சந்தைகள் இயங்குகின்றன.

ஆனால் உள்ளே உட்கார்ந்து விற்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு நிலம் வேண்டும், சாகுபடி செய்கிறோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையினரும் பார்த்துச் சரி என்றால்தான் அட்டை. வியாபாரிகள் உழவர் வேடத்தில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. காரணம் நியாயமானது. விளைவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் நம் கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 20 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடியாகும் நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நாற்று நடுபவர், களை பறிப்பவர், காய் ஒடிப்பவர், மூட்டை தூக்குபவர் யார் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். விளைவித்தவர் கூலியாக வரப்பில் நிற்கிறார். பட்டா வைத்திருப்பவர் உழவராகச் சந்தையில் உட்கார்கிறார்.

இந்த நிலமின்மை தானாக வந்ததில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆங்கில அரசு ஆணையிட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்ததுதான் பஞ்சமி நிலம். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? மீட்கப் போனபோது என்ன நடந்தது என்பதற்கு 1994 அக்டோபர் 10 சாட்சி. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். சந்தைக் கடையின் கதை அந்த நிலத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நிலம் இல்லாவிட்டாலும் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துக் காய்கறி பயிரிடும் தலித் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல். எழுதிக் கொடுத்தால் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை கேட்பார்கள் என்று நில உடைமையாளர் எழுதித் தர மாட்டார். எழுத்து இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லாதவர் சந்தைச் சுவருக்கு வெளியே சாக்கை விரித்துக் கூறு போட்டு விற்கிறார். சுவருக்கு உள்ளே தராசு இலவசம். சுவருக்கு வெளியே ‘நகரு நகரு’ என்று விரட்டல்.

அப்படியானால் சந்தைக்குள் தலித்துகளே இல்லையா? இருக்கிறார்கள். மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு அழுகிய தக்காளியையும் முட்டைக்கோஸ் இலையையும் கூட்டி அள்ளுவது பெரும்பாலும் யார் என்று எந்தச் சந்தையிலும் நின்று பாருங்கள். மிச்சத்தோடு நம்மைச் சேர்த்து வைப்பதில் இந்தச் சமூகத்துக்கு எவ்வளவு பழக்கம்!

வாங்கும் பக்கத்துக்கு வருவோம். சந்தை அதிகாலையில் தொடங்கி நண்பகலில் ஓய்ந்துவிடும். கூலி வேலைக்குப் போகும் பெண் விடியும் முன் கிளம்புகிறார். கூலி கைக்கு வருவது மாலையில். பணம் வரும்போது சந்தை இல்லை, சந்தை இருக்கும்போது பணம் இல்லை. பஸ் ஏறிப் போய் வரும் செலவு வேறு. கடைசியில் தெருமுனைப் பெட்டிக்கடையில் கடனுக்கு நாலு உருளைக்கிழங்கு. குறைந்த விலையின் பலன் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருந்து, காலையில் நடைப்பயிற்சி முடித்துப் பையோடு வருபவருக்குத்தான் அதிகம் போகிறது.

பொது விநியோகத் திட்டம் நமக்கு அரிசி கொடுக்கிறது. பசியை அது பெருமளவு தடுத்திருக்கிறது. ஆனால் ரேஷன் கடையில் கீரையும் காயும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு. வயிறு நிறைந்தும் ரத்தம் இல்லாத உடம்புகள் இவை. உழவர் சந்தை வந்து சேர வேண்டிய இடம் இதுதான்.

வழி இல்லாமல் இல்லை. பிரேசிலில் பெலோ ஒரிசோன்ச்சி என்ற நகரம் 1993இல் உணவைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்தது. நகரின் நல்ல இடங்களைக் குறைந்த வாடகைக்குக் காய்கறிக் கடைகளுக்குக் கொடுத்தது. பதிலுக்கு இரண்டு நிபந்தனைகள்: சுமார் இருபது பொருள்களை நகராட்சி நிர்ணயித்த விலைக்கு விற்க வேண்டும். வார இறுதியில் ஏழைகள் வாழும் புறநகர்ப் பகுதிகளுக்கு வண்டியில் காய்களைக் கொண்டுபோய் விற்க வேண்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரச் சந்தைகளில் 2009இல் வேறொரு ஏற்பாடு தொடங்கியது. அரசு உணவு உதவி பெறும் குடும்பம் சந்தையில் ஒரு டாலர் செலவழித்தால், உள்ளூர்க் காய் கனி வாங்க இன்னொரு டாலர் கூடுதலாகக் கிடைக்கும். இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏழை அங்கே கையேந்தவில்லை, வாங்குபவராக வருகிறார். டெட்ராய்ட்டில் விவசாயியும் நட்டப்படவில்லை, முழு விலையும் அவருக்குப் போகிறது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஓர் உழவர் சந்தையைச் சுற்றியுள்ள ஆயிரம் குடும்பங்களுக்கு வாரம் 100 ரூபாய்க்கான காய்கறிக் கூப்பன் கொடுத்தால் வாரத்துக்கு ஒரு லட்சம், ஆண்டுக்கு 52 லட்சம் ரூபாய். ஒரு மாவட்டத்துக்கு இது தாங்க முடியாத தொகையா? ரேஷன் அட்டையும் கடையும் பட்டியலும் ஏற்கெனவே இருக்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாடு 2024இல் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதி எங்கே போகிறது என்று கேட்பதும் நம் வேலைதான்.

‘காய்கறியில் எதற்குச் சாதி?’ என்று ஒரு குரல் வரும். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். கிராமத்தில் தலித் ஒருவர் பால் விற்கவும் டீக்கடை வைக்கவும் படும் பாட்டை அறிந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். நகரத்து உழவர் சந்தையில் ஒரு வசதி உண்டு. வாங்குபவர் விலைப்பலகையைப் பார்க்கிறார், காயைப் பார்க்கிறார், கடை எண்ணைப் பார்க்கிறார். தெருப்பெயர் கேட்பதில்லை. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று பாபாசாகேப் சொன்னதன் பொருள் இப்படிப்பட்ட இடத்தில் புரியும். அதனால்தான் அந்தக் கடைகளில் நமக்குப் பங்கு வேண்டும் என்கிறோம்.

‘அட்டை விதியைத் தளர்த்தினால் வியாபாரிகள் புகுந்துவிடுவார்கள்’ என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. பினாமிகள் வரத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பட்டாதான் ஒரே மருந்தா? வயலில் வந்து பார்த்தால் யார் சாகுபடி செய்கிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சுய உதவிக் குழுவாகக் குத்தகை எடுத்துப் பயிரிடும் பெண்களுக்குக் குழுவின் பெயரில் அட்டை கொடுக்கலாம். விளைச்சலுக்கும் விற்பனைக்கும் கணக்கு வைத்தால் ஏமாற்று பிடிபடும். பட்டா வைத்திருப்பவர் பெயரில் வியாபாரி விற்பதை மட்டும் இன்றைய விதி முழுமையாகத் தடுத்துவிட்டதா என்ன?

‘விவசாயியே கடனில் சாகிறான், அவனிடம் போய்ப் பங்கு கேட்கிறீர்களா?’ என்பார்கள். சிறு விவசாயியின் மடியில் கைவைக்க நாம் கேட்கவில்லை. இலவசமாகக் கொடு என்று அவரை நெருக்குவது மிச்சக் காய் யோசனைதான். கூப்பன் வந்தால் அவருக்கும் விற்பனை கூடும். மாலை விற்பனை வந்தால் மதியத்தில் காய் தேங்காது.

இனி, இளம் தோழர்கள் செய்ய வேண்டியவை. முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் மாவட்ட உழவர் சந்தைகளில் எத்தனை பேருக்கு அட்டை, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், குத்தகைதாரர் எத்தனை பேர்? ‘அப்படிப் பிரித்துக் கணக்கு வைக்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையே முதல் செய்தியாக்குங்கள்.

இரண்டாவது, கிராம சபையில் தீர்மானம். வாரம் இரண்டு மாலை உழவர் சந்தை வண்டி நம் குடியிருப்புக்கு வர வேண்டும், அதே பலகை விலைக்கு விற்க வேண்டும் என்று எழுதி நிறைவேற்றச் செய்யுங்கள். ஊர்த் தெருவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ‘வந்து வாங்கிக்கொள்’ என்று சொல்லும் தந்திரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, சுவருக்கு வெளியே விற்கும் பெண்களைச் சந்தியுங்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு விற்பனைச் சான்று உண்டு, நகர விற்பனைக் குழுவில் பிரதிநிதித்துவம் உண்டு. யாராவது சாதியைக் காட்டித் தொழில் செய்யவிடாமல் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் அதைக் குற்றம் என்கிறது. இதையெல்லாம் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சந்தையைக் கூட்டும் தொழிலாளிக்கு ஒப்பந்ததாரர் குறைந்தபட்சக் கூலி தருகிறாரா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

நான்காவது, நிலம். நிலமற்ற தலித், பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க மானியம் தரும் தாட்கோவின் நன்னிலம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் துணை நில்லுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் பதிவேட்டைத் தோண்டுங்கள். கடை கேட்கும் போராட்டமும் நிலம் கேட்கும் போராட்டமும் வேறுவேறு அல்ல.

வண்டி பிடித்து மூட்டை இறக்கும் உழைப்பைவிட இது கடினம். உடனே புகைப்படம் எடுத்துப் போடவும் முடியாது. ஆனால் இறக்கிய மூட்டை மூன்று நாளில் தீர்ந்துவிடும், நான்காம் நாள் மறுபடி யாரையாவது எதிர்பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் கையில் வந்த அட்டை தீராது. அவர் காலையில் கடை எண்ணுக்குப் போய்த் தராசை எடுத்து வைப்பார்.

ஜெய்பீம்.