உரத்த குரலா? இனிய குரலா?

நம் திருவண்ணாமலையில் ஒலிபெருக்கியை அறியாதார் யார்? திருவிழாவாயினும் திருமணமாயினும் கூம்புக் குழாயின் குரலே முதலில் நம்மை அழைக்கிறது. "நல்ல ஒலிபெருக்கி எது?" என்று கேட்டால், "நாலு தெருவுக்குக் கேட்பது" என்றே பலரும் விடை கூறுவர். இவ்விடை சரிதானா எனச் சற்றே சிந்திப்போம்.

சென்ற ஆண்டு விழாவில் நம் முதல் வகுப்புச் சிறுமியர் பாடினர். வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஓசை வந்தது, சொல் வரவில்லை. பின்வரிசைத் தாய்மார் தம் பிள்ளையின் குரலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்துவிட்டது. பல நாள் பயிற்சி வீணாயிற்றே என நாம் வருந்தினோம்.

கூம்புக் குழாயை நாம் இகழவில்லை. தீபத் திருநாள் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையின் பெயரை அறிவிக்க அதுவே ஏற்றது. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும். ஆனால் மிருதங்கத்தின் தாழ்ந்த நாதத்தை அதனால் தர இயலாது. இசைக்கு வேண்டியது வேறு கருவி.

1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் அக்கருவிக்கு வழி வகுத்தனர். காந்தத்தின் இடையே மெல்லிய கம்பிச்சுருள். அதனோடு இணைந்த காகிதக் கூம்பு. சுற்றிலும் ஒரு பெட்டி. இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. 1954-இல் எட்கர் வில்சர், இறுக மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, சிறு பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த ஒலியை எழுப்பினார். 1993-இல் இங்கிலாந்தில் நத்தைக்கூட்டின் வடிவிலேயே ஓர் ஒலிபெருக்கி உருவாயிற்று. நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் ஜேக்கப் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர் 'ரெத்ம்' என்ற பெயரில் சிற்பம் போன்ற ஒலிபெருக்கிகளைப் படைத்துள்ளார்.

இவற்றின் அழகு வெறும் மெருகில் இல்லை. தஞ்சை வீணையின் பலாமரக் குடம் நாதத்தோடு சேர்ந்து அதிர வேண்டும். ஒலிபெருக்கியின் பெட்டியோ பெரும்பாலும் அதிரலாகாது. பிறர் குரலில் தன் குரலைக் கலவாமல் தருவதே அதன் பெருமை. இதற்காகவே தச்சர் கனத்த பலகையைத் தேர்ந்து, மூலைகளை இறுக்கி, உள்ளே தாங்குகட்டைகள் பொருத்துகிறார். தன்னை மறைத்துப் பிறரை விளங்கச் செய்யும் இப்பண்பு நமக்கும் பாடமன்றோ?

"அவை இலட்சக்கணக்கில் விலை பெறுமே!" என்று பெற்றோர் கேட்கலாம். உண்மைதான். நாம் அவற்றை வேண்டவில்லை. அவற்றின் நெறியையே வேண்டுகிறோம். பெரிய ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை சிலவற்றை அரங்கின் இருபுறமும் வைக்கலாம். ஒலிவாங்கிக்கு முன்புறமாக, அவையோரை நோக்கி நிறுத்தினால் கீச்சொலி பெரிதும் குறையும். நல்ல ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்ய நம் அறிவியல் மன்றத்தாரால் இயலாதா?

ஒலிபெருக்கி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிக்கலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. தேர்வுக்குப் படிக்கும் மாணவியும் நோயுற்ற முதியவரும் இதன் அருமையை அறிவர். எனினும் சட்டம் அளவைத்தான் கூறும். சுவையை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறைகுடம் தளும்பாது என்பர் நம் முன்னோர். வரும் ஆண்டு விழாவில் அச்சிறுமியரின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைத் தாயின் செவியை எட்டச் செய்வோமாக!