ஷஃபிள் என்று பெயர் இருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு இசை அமைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றையும் இன்ஸ்டால் செய்துகொள்பவர்கள் நம்மிடையே நிறைய. கடலூரில் சர்ச் பாடகர் குழுவுக்கு ரிதம் டிராக் தயாரிக்கிறார்கள். சிதம்பரத்தில் நடன வகுப்புக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் பின்னணி இசை தயாரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. லூப் தொகுப்பைத் திறப்பது, ‘ஸ்விங்’ அல்லது ‘ஷஃபிள்’ என்று பெயர் போட்ட ஒரு பைலை எடுப்பது, பாட்டின் வேகத்துக்கு அதை இழுத்து நீட்டுவது அல்லது அமுக்குவது, அவ்வளவுதான். பிறகு டிரம்ஸ் நொண்டுகிறது என்று சாஃப்ட்வேரைத் திட்டுவது.

ஷஃபிள் என்ற பெயரைப் பார்த்து எடுப்பது, சட்டை வாங்கும்போது அளவைப் பார்க்காமல் கலரை மட்டும் பார்ப்பது போன்றது. ஸ்விங் என்பது பாட்டின் வேகத்தைப் பார்த்து வைக்க வேண்டிய ஒரு எண். அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க ஆங்கில மேனுவலைவிட நம் ஊர் நடைக் கணக்கே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

புதியவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தைகளை விளக்கிவிடுகிறேன். பி.பி.எம். என்றால் ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு என்ற கணக்கு. 120 பி.பி.எம். என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதாவது 500 மில்லி விநாடி. எஃப்.எல். ஸ்டூடியோ (பழைய பெயர் ஃப்ரூட்டி லூப்ஸ்) போன்ற சாஃப்ட்வேர்களில் ஒரு தட்டை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டுவார்கள். நான்கும் சம அளவு. ஸ்விங் கன்ட்ரோலைத் திருப்பினால் இரண்டாவது கட்டமும் நான்காவது கட்டமும் கொஞ்சம் தாமதமாக ஒலிக்கும். ‘டிக் டிக் டிக் டிக்’ என்பது ‘டீக்-டிக் டீக்-டிக்’ என்று ஆகும். முதல் அடிக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு என்று கிடைத்தால் அதுதான் பொதுவாக ஷஃபிள் எனப்படுவது.

இந்த வசதியைக் கொண்டு வந்தவர் ரோஜர் லின் என்ற அமெரிக்கர். 1980-ல் அவர் வெளியிட்ட எல்.எம்.1 டிரம் மெஷினிலேயே இது இருந்தது. 1988-ல் அகாய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த எம்.பி.சி.60 கருவியில் ஸ்விங் எண் 50-ல் தொடங்கி 75-ல் முடியும். ஒரு ஜோடி அடிகளுக்கு உரிய நேரத்தில் முதல் அடிக்கு எத்தனை சதவீதம் என்பதே அந்த எண். 50 என்றால் சரிபாதி, ஸ்விங் இல்லை. 66 என்றால் ஷஃபிள்.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். தேர் நாளில் நான்கு வீதிகளில் எதிலாவது நின்று மல்லாரி கேட்டவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மல்லாரியை மூன்று காலத்திலும் வாசித்து, திஸ்ரமும் செய்து காட்டுவது நாதஸ்வர மரபு. திஸ்ரத்துக்குப் போகும்போது தாளம் போடுபவரின் கை வேகம் மாறுவதில்லை. ஒரு தட்டுக்குள் எத்தனை அடி என்பதுதான் மாறுகிறது. வேகம் வேறு, உள்பிரிவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேனுவலும் சொல்லவில்லை. 1929-ல் தொடங்கிய இசைக் கல்லூரியின் வழிவந்த இசைத்துறை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே மிருதங்கம் படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

நடைகளை ஸ்விங் எண்ணாக மாற்றிப் பாருங்கள். ‘தகிட’ என்ற மூன்றில் ‘த’வில் ஒரு அடி, ‘ட’வில் ஒரு அடி அடித்தால் 2:1, அதாவது 66.7. ‘தகதிமி’யில் ‘த’விலும் ‘மி’யிலும் அடித்தால் 3:1, அது 75. ஐந்தை ‘தகிட தக’ என்று பிரித்து இரண்டு ‘த’விலும் அடித்தால் 3:2, சரியாக 60. ஏழை ‘தகதிமி தகிட’ என்று பிரித்தால் 57. ஒன்பதை ஐந்தும் நான்குமாகப் பிரித்தால் 55.6. லின் வைத்த 50 முதல் 75 வரையிலான அளவுகோலில் நம் ஐந்து நடைகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன! 60 என்று டைப் செய்யும்போது அது வெறும் எண்ணாகத் தெரியாமல் கண்டமாகக் காதில் விழ வேண்டும். வாயால் சொல்லிப் பழக, டெம்போவை 30-க்கு இறக்கி, அரைத் தட்டுக்கு ஒரு முறை ‘தகிட தக’ சொல்லுங்கள். பாட்டின் வேகத்திலேயே சொல்ல முயன்றால் நாக்கு சுளுக்கிக் கொள்ளும்.

சரி, எந்த வேகத்துக்கு எந்த எண்? 90 பி.பி.எம்.-ல் ஒரு ஜோடிக் கட்டங்களுக்கு 333 மில்லி விநாடி. ஸ்விங் 66.7 வைத்தால் 222-ம் 111-ம் ஆகப் பிரிகிறது. கேட்க சுகமாக இருக்கும். அதே லூப்பை 120-க்கு அமுக்கினால் விகிதம் மாறாது. ஆனால் சின்னப் பங்கு 83 ஆகச் சுருங்கிவிடும். 140-ல் 71. அப்போது இரண்டாவது அடி தனி அடியாகக் கேட்காமல் அடுத்த அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். அவசரப்படுவதாகத் தோன்றுவது இதனால்தான்.

நல்ல டிரம்மர்கள் இதைத் தானாகவே சரி செய்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஃபிரிபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் இருவரும் புகழ்பெற்ற ஜாஸ் டிரம்மர்களின் ரெக்கார்டிங்குகளை அளந்து 2002-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மெதுவான பாட்டில் விகிதம் 3.5:1 வரை போகிறது. வேகமான பாட்டில் 1:1-க்கு நெருங்கிவிடுகிறது. நடுத்தர வேகத்துக்கு மேலே சின்னப் பங்கு ஏறக்குறைய 100 மில்லி விநாடியிலேயே நிற்கிறது. கை அதற்குக் கீழே போக விரும்புவதில்லை.

இந்த 100-ஐ வைத்துக் கணக்குப் போட்டால், 120 பி.பி.எம்.-ல் 250 மில்லி விநாடி ஜோடி 150-ம் 100-ம் ஆகிறது, அதாவது கண்டம், 60. வேகம் 150-ஐத் தொட்டால் ஜோடியே 200 மில்லி விநாடிதான், ஸ்விங்குக்கு இடமே இல்லை. மாறாக 60 பி.பி.எம். தாலாட்டு போன்ற பாட்டுக்கு 70-க்கு மேலும் வைத்துப் பார்க்கலாம். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவே. அங்கிருந்து இரண்டு மூன்று எண் ஏற்றி இறக்கிக் காதால் முடிவு செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: எல்லா சாஃப்ட்வேரும் 50-ல் தொடங்குவதில்லை. சிலவற்றில் 0 என்றால்தான் ஸ்விங் இல்லை. அங்கே 60 என்று போட்டால் அது கண்டம் ஆகாது.

வீட்டில் உள்ள கீபோர்டைக் கவனித்திருக்கிறீர்களா? பல மாடல்களில் ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்ததும் அதற்கென ஒரு டெம்போ தானாகவே வந்து நிற்கும். இந்த அடி இந்த வேகத்தில்தான் நன்றாக இருக்கும் என்று தயாரித்தவர்கள் முடிவு செய்த எண் அது. லூப் பைலின் பெயரோடு வரும் பி.பி.எம். எண்ணையும் அப்படித்தான் மதிக்க வேண்டும். ஐந்து பத்து எண் தள்ளிப் போகலாம். 90-ஐ 140 ஆக்குவது அநியாயம். ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் மாற்றும் வசதி உண்டு. குரலுக்கு அது ஓரளவு சரிப்படும். டிரம்ஸை அதிகம் நீட்டினால் ஒரே அடி இரண்டாகச் சிதறிக் கேட்கும்.

அதனால் டிரம்ஸுக்கு ஆடியோ லூப்பைவிட, கட்டங்களில் நீங்களே அடிகளை வைப்பதுதான் நல்லது. இலவசமாகக் கிடைக்கும் ஹைட்ரஜன் போதும். எஃப்.எல். ஸ்டூடியோவின் டிரையல் பதிப்பில் பழகலாம். ஆனால் சேமித்த பிராஜெக்டை அதில் மறுபடி திறக்க முடியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸுக்கு வைத்த ஸ்விங்கை பேஸ், கீபோர்டு டிராக்குகளுக்கும் வையுங்கள். 90-ல் டிரம்ஸ் மட்டும் ஷஃபிளில் போக, பேஸ் சமமாகப் போனால் இரண்டுக்கும் இடைவெளி 55 மில்லி விநாடி. கேட்பவர்கள் அதை ஸ்டைல் என்று நினைக்க மாட்டார்கள், தப்பு என்றே நினைப்பார்கள்.

‘தவிலில் திஸ்ரம் எந்த வேகத்திலும் திஸ்ரம்தானே, ஸ்விங்கை மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தவிலில் ‘த’, ‘கி’, ‘ட’ மூன்றும் ஒலிக்கின்றன. காது மூன்றாகவே எண்ணிக்கொள்கிறது. ஷஃபிளில் நடுவில் உள்ள ‘கி’ மௌனம். உங்கள் பாட்டில் ‘கி’யும் ஒலிக்க வேண்டுமானால் ஸ்விங் கன்ட்ரோலை எவ்வளவு திருப்பினாலும் அது வராது. ஸ்விங்கை அணைத்துவிட்டு, கட்டங்களையே மூன்றாகப் பிரியுங்கள். ஹைட்ரஜனில் கிரிட் பட்டியலில் ‘8டி’, எஃப்.எல். ஸ்டூடியோவின் பியானோ ரோலில் ஸ்னாப் பட்டியலில் மூன்றில் ஒரு பீட்.